பெங்களூர் லால்பாக்கில் காலை நடக்கும் நம் சங்கம்: 2023–24 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டினால் புண்ணியமாகப் போகும்.

செயற்குழு இந்த ஆண்டு 4 முறை கூடியது. சுதந்திர தினத்தன்று மிட்டாய் கொடுத்தோம். பொங்கலுக்கு ஓர் உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியில் சர்க்கரைப் பொங்கல். மலர்க்காட்சிகள் இரண்டும் வழக்கம்போல் நடந்தன; ஆகஸ்டில் முன்னாள் முதல்வர் கெங்கல் ஹனுமந்தையாவும் அவர் கட்டிய சட்டசபைக் கட்டிடமான விதான சௌதாவும், ஜனவரியில் வசனக் கவி பசவண்ணரும் பூவில் வந்தார்கள். அந்த நாட்களில் கண்ணாடி மாளிகைப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது என்பதால் நடையை ஏரிக்கரைக்கு மாற்றிக்கொண்டோம். கண் பரிசோதனை முகாம் நடத்துவதாக இருந்தது, நடக்கவில்லை.

அப்புறம், 'மாதம் ஒரு மரம்'. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "நாங்க நடக்க வர்றோமா, பாடம் படிக்க வர்றோமா?" என்று கேட்டார். அன்று டிபன் ஆறிக்கொண்டிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம்மில் பலர் இந்த 240 ஏக்கர் தோட்டத்தைப் பதினைந்து வருடமாகச் சுற்றி வருகிறோம். என்ன பார்த்திருக்கிறோம்? முன்னால் போகிறவரின் முதுகைத்தான். அதனால்தான் மாதத்தின் முதல் ஞாயிறு, நடை முடிந்ததும், ஏதாவது ஒரு மரத்தடியில் 20 நிமிடம் நின்று பேசலாம் என்று ஆரம்பித்தேன். செப்டம்பரில் மட்டும் மழை. மற்ற 11 மாதமும் நடந்தது.

முதல் மாதம் அந்தப் பெரிய இலவ மரம். அதன் வேர்கள் சுவர் மாதிரி எழுந்து நிற்பதை எல்லோரும் போட்டோ எடுத்திருக்கிறோம், மெத்தைக்குப் பஞ்சு தரும் இனம் அது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த மாதம் மரம் இல்லாத மரம், அதாவது பாறை. கெம்பே கவுடா கோபுரம் நிற்கிறதே, அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டு. கோபுரத்துக்கு அல்ல, பாறைக்கு. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்று கேட்டார்கள்.

ஹைதர் அலி 1760இல் சுமார் 40 ஏக்கரில் இந்தத் தோட்டத்தைத் தொடங்கினார். சிராவில் இருந்த மொகலாயர் தோட்டம் அவருக்கு முன்மாதிரி. மகன் திப்பு வெளிநாடுகளிலிருந்து விதையும் கன்றும் வரவழைத்தார். ராஜாக்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும். மண்வெட்டி பிடித்தவர்கள் திகளர்கள் என்ற தோட்டக்காரச் சமூகத்தினர். திகளர் என்ற சொல்லே பழைய கன்னடத்தில் தமிழரைக் குறித்தது என்று சொன்னபோது, அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். வருடா வருடம் நாம் வேடிக்கை பார்க்கப் போகும் கரக உற்சவம் அவர்களுடையதுதான்.

அதிகக் கூட்டம் வந்தது ஜான் கேமரன் பற்றிப் பேசிய மாதம், 23 பேர். காரணம் கேமரன் அல்ல, சௌசௌ. 1856இல் இது அரசுத் தாவரவியல் தோட்டம் ஆனது. 1874இல் பொறுப்பேற்ற கேமரன் காலத்தில்தான் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினார்கள், லண்டன் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்து. சௌசௌவை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவரும் அவரே. நம் வீடுகளில் அது 'பெங்களூர் கத்தரிக்காய்' ஆனது இப்படித்தான். பேச்சு முடிந்ததும் கூட்டா, துவையலா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அதை யாரும் பாடம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரியில் கிரும்பிகல். 1908இல் இங்கே பொறுப்புக்கு வந்த ஜெர்மானியர். ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று தொடங்க வேண்டும், வருடம் முழுக்க ஊரில் எங்காவது பூ இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நட்டவர். அது இன்றும் நடக்கிறதா என்று பார்க்க ஒரு நோட்டுப் போட்டேன். நவம்பர் கடைசியில் இளஞ்சிவப்பு டபேபுயா, பிப்ரவரியில் மஞ்சள், மார்ச்சில் ஜகரண்டா, இப்போது குல்மொஹர். தேதியோடு குறித்திருக்கிறேன். அந்த ஞாயிறு மஞ்சள் டபேபுயாவின் கீழே வந்திருந்தவர்கள் 4 பேர், நானும் என் மனைவியும் உட்பட.

20 நிமிடம் அதிகம் என்கிறார்கள். அதே ஞாயிறுகளில் மசால் தோசைக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பேச்சை முடித்துவிட்டு நானும் அதே வரிசையில் வந்து நின்றேன் என்பது வேறு விஷயம்.

சந்தாவுக்கு வருகிறேன். உறுப்பினர் 64 பேர், ஆண்டுச் சந்தா 300 ரூபாய், கட்டியவர்கள் 37 பேர். பூங்காவில் காலை நடைக்குக் கட்டணம் கிடையாது. அதனால் சங்கத்துக்கும் கிடையாது என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் வாட்ஸப் குழுவில் ரோஜாப்பூ அனுப்பும் இருவருக்கு மூன்று வருட நிலுவை. அந்த ரோஜா லால்பாக் ரோஜாவும் இல்லை. பொருளாளர் சார் ஒவ்வொரு ஞாயிறும் அந்த இலவ மரத்தடியில் ரசீதுப் புத்தகத்தோடு காத்திருந்தது, இலவு காத்த கிளி என்பதற்கு நேரடி விளக்கமாக இருந்தது.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டி நிற்கின்றன. சென்ற ஆண்டு இருப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. 'இதர செலவுகள்' ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பகுதி மரங்களைப் பற்றிய ஜெராக்ஸும் லேமினேஷனும். மீதியைப் பொருளாளர் பார்த்துச் சொல்வார்.

தோட்ட ஊழியர்களுக்கும், காவலாளிகளுக்கும், காபி பிளாஸ்க் சுமந்த தம்பிக்கும், பொறுமைக்காக என் மனைவிக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் அந்த நோட்டைச் சிறு புத்தகமாக அச்சிட எண்ணம். அச்சகத்தில் விலை கேட்டிருக்கிறேன். தொகையை இப்போதே சொல்லி யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. பழைய நிலுவை வந்தாலே பாதிச் செலவு தீரும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் நடவடிக்கை நோட்டை இன்றே ஒப்படைக்கத் தயார். பூ நோட்டு என்னிடமே இருக்கும்.

மே முதல் ஞாயிறு, காலை ஏழரை, ஏரிக்கரையில் குல்மொஹர். பொருளாளரும் வருகிறார், புத்தகத்தோடு.

செயலாளர்