சோப்புக்காரர் வீட்டுக் கடைக்குட்டி

அடி வாயாடி,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதை விடு. ஒருத்தியைப் பற்றி உன்னிடம் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பட்டம் விட்டு மின்னலைச் சோதித்த பெஞ்சமின் பிராங்க்ளின் இருக்கிறாரே, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர், அவருக்கு ஒரு தங்கை. ஜேன் மீகம். பாஸ்டனில் சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்ற அப்பாவின் 17 பிள்ளைகளில் கடைக்குட்டி, 1712இல் பிறந்தவள். அண்ணனுக்கே பள்ளிக்கூடம் இரண்டு வருடம்தான், இவளுக்கு அதுவும் இல்லை. 15 வயதில் கல்யாணம். அந்த வருடம், 1727இல், அண்ணன் எழுதுகிறார்: தேநீர் மேசை அனுப்பலாமென்று பார்த்தேன், ஆனால் அழகான சீமாட்டி என்பதைவிட நல்ல இல்லத்தரசி என்ற பேர்தானே உசத்தி, அதனால் நூல் நூற்கும் ராட்டினம் அனுப்புகிறேன் என்று. இதைச் சொன்னபோது பெரிய மனிதருக்கு வயது 21! உனக்குச் சீர் கொடுக்கும்போது உங்கள் பெரியண்ணன் செய்த பிரசங்கம் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

அப்புறம் சிரிக்க முடியவில்லை. கணவன் சேணம் தைக்கிறவன், எப்போதும் கடன். 12 பிள்ளை பெற்றாள், 11 பேர் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். மகன்களில் இரண்டு பேருக்குப் புத்தி பேதலித்தது. தானே காகிதங்களைத் தைத்து ஒரு சின்ன நோட்டு செய்து, யார் எப்போது பிறந்தது, யார் எப்போது இறந்தது என்று அதில் குறித்து வைத்தாள். அங்கங்கே ஒரு வரி வேண்டுதலைத் தவிர வேறொன்றும் இல்லை. எங்கள் அம்மாவின் பால் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தை நீ பார்த்திருக்கிறாய்தானே, அதேதான்.

அண்ணன் மோசமானவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிவரை பணம் அனுப்பினார், உயிலில் பாஸ்டன் வீட்டை அவளுக்கே எழுதினார், வாழ்நாள் முழுக்கக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் தன் சுயசரிதையில் இவள் பேரை ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஏனென்றால் தான் எதை இழந்தோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. 1786இல், 74 வயதில், அண்ணனுக்கு எழுதுகிறாள்: ஆயிரக்கணக்கான நியூட்டன்கள் நல்ல சூழ்நிலை அமையாததாலேயே அறியாமையிலும் வறுமையிலும் வாழ்ந்து மடிந்திருப்பார்கள் என்கிறார் பிரிட்டிஷ் சிந்தனையாளர் டாக்டர் பிரைஸ் என்று. பிரைஸ் சொன்னதாகத்தான் எழுதுகிறாள். யாரை நினைத்து எழுதினாள் என்று அண்ணனுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? அடுப்படியில் நின்றபடி அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன், பால் பொங்கி வழிந்தது, இவர் வந்து அடுப்பை அணைத்தார்.

எழுத்துப்பிழைக்காக அவள் மன்னிப்புக் கேட்டபோது, பிழை என்று நாம் சொல்வதுதான் பெரும்பாலும் சரியான எழுத்து, உச்சரிப்பை ஒட்டி வருவது அதுதான் என்று அண்ணன் பதில் போட்டிருக்கிறார். ஆகவே 'மழ பெய்யிது பல்லிகூடம் லீவு' என்று எழுதித் தமிழம்மாவிடம் குட்டு வாங்கியவளே, உனக்கு இனி பயமில்லை. சின்னவள் மேற்கொண்டு படிப்பாளா, இல்லை வந்திருக்கிற வரனைப் பேசி முடிக்கப்போகிறீர்களா? அதை முதலில் எழுது. அவளையே இரண்டு வரி எழுதச் சொல்.

உன்,
குட்டச்சி