பாதையை விட்டுப் போன தண்டவாளங்களையும் படம் எடுங்கள்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கமெராவோடு திரியும் தம்பி தங்கைமாருக்கு,

வணக்கம். நாவற்குழியில் மாலை வெயிலுக்கு மினுங்கும் தண்டவாளம், ஆனையிறவு வெளியைக் கீறிக்கொண்டு போகும் பாதை, நடுவில் கைகோத்து நிற்கும் மணமக்கள் என்று நீங்கள் எடுக்கும் படங்களை விரும்பிப் பார்க்கிறவன் நான். ஆனால் அவை எல்லாம் புதுத் தண்டவாளங்கள். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது, புதிதாகப் போட்ட பாதையில். 1905இல் எங்களைக் கொழும்போடு சேர்த்த பாதையின் இரும்பு எங்கே போனது? அதையும் தேடி எடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1990இல் போரால் ரயில் நின்றபின் அந்தப் பாதை துண்டு துண்டாகக் கழன்றது. காவலரண்களுக்குப் போனது, வீட்டு வளவுப் பங்கர்களுக்கு, அதாவது பதுங்குகுழிகளுக்குப் போனது. குறுக்கே தண்டவாளம், மேலே தண்டவாளத்தைத் தாங்கியிருந்த சிலிப்பர் கட்டை, அதற்கும் மேலே மண்மூட்டை. சீமெந்தும் இரும்பும் அரசின் தடைப் பட்டியலில் இருந்த காலம் அது. அகப்பட்டதை வைத்துத்தான் சனம் வீட்டையும் கட்டியது, உயிரையும் காத்தது. அம்மம்மாவுக்குத் தண்டவாளம் என்றால் கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மகன் லீவில் வருகிற வழி. அம்மாவுக்கு அது ஷெல் விழும் இரவில் தலைக்கு மேல் இருந்த கூரை. உங்கள் படங்களில் இந்த இரண்டும் இல்லை.

என் மாமா வீட்டுக் கிணற்றில் இரண்டு தூணுக்கும் குறுக்கே கிடப்பது தண்டவாளத் துண்டுதான். கப்பி தொங்கும் இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது, மற்றப்படி முழுக்கக் கறள். பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் தெரியும், பாதி கறள் தின்றபடி. உச்சி வெயிலில் எடுத்தால் ஒன்றும் விழாது. காலை வெயில் சரிந்து படும்போது எடுங்கள், எழுத்து எழும்பி நிற்கும். வெண்கட்டியால் மெல்லத் தேய்த்தால் இன்னும் துலக்கம். பள்ளிக்கூட மரங்களில் மணியாகத் தொங்கும் துண்டுகளிலும் இப்படிப் பாருங்கள்.

சுணங்க வேண்டாம். பங்கர்கள் மூடப்பட்டுவிட்டன. பழைய இரும்பு வாங்கும் லொறி ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறது, தண்டவாளமோ பாரமான இரும்பு. கூரை மாற்றுகிற வீடும் கிணற்றை மூடுகிற வீடும் அதை நிறுத்துக் கொடுத்துவிடும்.

படலையைத் தட்டும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அரச சொத்து என்று யாராவது வந்து கேட்பார்களோ என்ற பயம் பலருக்கு இன்னும் உண்டு. அதனால் ஆளின் முகமும் வீட்டு விலாசமும் படத்தில் வேண்டாம். பங்கருக்குள் ஆளைப் பறிகொடுத்த வீடுகளும் இருக்கின்றன. அவர்கள் வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள்.

ஓடுகிற பாதையில் ஏறி நின்றும் எடுக்காதீர்கள். காவலில்லாத கடவைகளில் வடக்கில் போன உயிர்கள் போதும். பிளாட்பாரத்தில் நின்றே நல்ல படம் எடுக்கலாம்.

எடுத்த ஒவ்வொரு படத்தோடும் எந்த ஊர், எந்த ஆண்டில் கழற்றியது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டுக்காரர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் போன் போகும்போது படமும் போய்விடும். ஒரு பிரதியை நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களைத் தவறாமல் பார்க்கும் ஒருவன்