மைக்கைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள்

பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடலோர ஊர்களுக்குக் கூட்டம் நடத்த வரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் வீட்டுப் பெண். எங்கள் ஊரில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அத்தையோடு போயிருந்தேன். அத்தை முப்பது வருஷமாகக் கடலில் இறங்குகிறவர். கல் கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, காலடியில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு மூழ்குவார்.

அன்று ஒன்றரை மணி நேரம் மேடையில் இருந்தவர்களே பேசினார்கள். பவளப்பாறையை மிதிக்காதீர்கள், பாசியை அடியோடு பிடுங்காதீர்கள், கடலுக்கு ஓய்வு கொடுங்கள். சொன்னதில் தப்பில்லை. ஆனால் மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் இறங்காமல் இருப்பது என்று முடிவு செய்ததே பாசி எடுக்கும் இந்தப் பெண்கள்தான். அவர்களை ஒன்று திரட்டிய சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது.

கடைசியில், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்கள். அத்தை எழுந்தார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவருக்கு முதல் வார்த்தை வரக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள், "சரி, நேரமாச்சு, மனுவா எழுதிக் கொடுங்க" என்று முடித்துவிட்டார்கள். அத்தைக்கு எழுதத் தெரியாது.

வீட்டுக்கு நடந்து வரும்போது என்னிடம் சொன்னார். எந்தத் தீவின் எந்தப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி மெலிந்துவிட்டது, எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கிச் சேறு படிகிறது, எந்த இடத்தை இரண்டு மாதம் விட்டால் மறுபடி தழைக்கிறது. தெரு முக்கு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் உங்கள் குறிப்பேட்டில் ஏறியிருக்க வேண்டியவை.

தாத்தா துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைத்துக் கத்தாழை மீன் கூட்டத்தின் சத்தம் கேட்பாராம். அந்த நேரம் வள்ளத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று அப்பா சொல்வார்.

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா ஆனபோது தங்களிடம் யாரும் கேட்டதாக எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நினைவில்லை. அதனால்தான் கேட்கிறேன். அடுத்த முறை பாசி எடுக்காத நாளாகப் பார்த்து வாருங்கள். முதலில் அவர்கள் பேசட்டும், உங்கள் பேச்சு கடைசியில் பத்து நிமிஷம் போதும். ஒருவர் எழுந்து பேசாமல் நின்றால், தயவுசெய்து காத்திருங்கள்.

மேடை வேண்டாம், மைக்கும் வேண்டாம். அத்தைக்குக் குரல் சின்னதுதான், பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி