20 வோல்ட் ரேஞ்சில் கூட்டிக் காட்டும் பெஞ்ச் மல்டிமீட்டர்: பழுதுநீக்கக் கோரிப் புகார்

அனுப்புநர்:
இன்வெர்ட்டர், பேட்டரி பழுதுபார்க்கும் கடை உரிமையாளர்,
கிருஷ்ணகிரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

ஏழு மாதங்களுக்கு முன் உங்கள் நாலரை டிஜிட் பெஞ்ச் மல்டிமீட்டரை வாங்கினேன். 20 வோல்ட் ரேஞ்சில் (20 வோல்ட் வரை அளக்கும் அமைப்பில்) அது மூன்று சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டுகிறது. உங்கள் கையேடு சொல்வது 0.05 சதவீதம். சர்வீஸுக்கு அனுப்பினேன். 'பழுது இல்லை, டெஸ்ட் லீடை (அளக்கும் வயரை) மாற்றவும்' என்ற சீட்டோடு பத்தொன்பது நாள் கழித்து அப்படியே திரும்பி வந்தது.

காவேரிப்பட்டணத்துத் தையல்காரர் ஒருவரின் பேட்டரியில்தான் முதலில் எனக்குச் சந்தேகம் தட்டியது. இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய இன்வெர்ட்டர் முக்கால் மணியிலேயே நின்றுவிடுகிறது என்றார். உங்கள் மீட்டரில் 12.59 வோல்ட், சார்ஜ் நிறைந்த பேட்டரிக்கு உரிய அளவு. மூடியைக் கழற்றி, அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தால், ஆறு அறைகளிலும் மிதவை 1190-ஐத் தாண்டவில்லை. அமிலத்தின் அடர்த்தி அவ்வளவு குறைவு என்றால் இருப்பது 12.2 வோல்ட்தான்.

மறுநாள் நண்பரின் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று, காலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்புச்) சான்றுள்ள மீட்டரோடு பக்கத்தில் வைத்து ஒரே சப்ளையை அளந்தோம். 5.00 வோல்ட்டுக்கு 5.16, 12.00-க்கு 12.38, 18.00-க்கு 18.57. லீடுகளை ஒன்றோடொன்று தொட்டால் சுத்தமான பூஜ்யம். 2 வோல்ட் ரேஞ்சில் புதிய செல் ஒன்று இரண்டு மீட்டரிலும் 1.58. ரெஃபரன்ஸ் (மீட்டர் ஒப்பிட்டு அளக்கும் உள் மின்னழுத்தம்) கெட்டிருந்தால் அந்த ரேஞ்சும் தப்பியிருக்காது. 20 வோல்ட் ரேஞ்சில் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் டிவைடர் ரெசிஸ்டரையோ, அந்த ரேஞ்சுக்குப் பதிந்துவைத்த காலிப்ரேஷனையோதான் பார்க்க வேண்டும். 12 வோல்ட்டை ஒருமுறை அளந்திருந்தாலே உங்கள் மேசையில் இது தெரிந்திருக்கும்.

மூன்று ஜோடி லீடுகளை மாற்றிப் பார்த்துவிட்டேன். 10 மெகாஓம், அதாவது ஒரு கோடி ஓம், இன்புட் உள்ள மீட்டரில் லீடின் ஓரிரு ஓம் என்ன செய்துவிடும்? தொலைபேசியில் பேசியவர் எங்கள் ஊர் வெயிலைக் காரணம் சொன்னார். விடியற்காலை ஐந்து மணிக்கே மீட்டரைப் போட்டு, ஒரு மணி நேரம் விட்டு, கடைக்குள் 25 டிகிரி இருக்கும்போது அளந்தேன். அப்போதும் அதே 12.38.

இந்த மீட்டரை நம்பி ஒன்பது இன்வெர்ட்டர்களுக்கு ஃப்ளோட் (சார்ஜ் நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் வோல்டேஜ்) 13.6 வைத்துக் கொடுத்திருக்கிறேன். உண்மையில் நான் வைத்தது 13.18. குறைந்த சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு பேட்டரி தேறுவதே கடினம். ஒன்பது வீடுகளுக்கும் நானே போய், கூலி வாங்காமல், மறுபடி சரிசெய்தேன். தவறு என் கையில் இல்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்? அவர்கள் என்னை நம்பித்தான் கொடுத்தார்கள்.

உத்தரவாதக் காலம் முடியவில்லை. உங்கள் செலவில் மீட்டரை எடுத்துச் சென்று, ஒவ்வொரு ரேஞ்சிலும் எடுத்த அளவுகளை எழுதிய காலிப்ரேஷன் சான்றோடு திருப்பித் தாருங்கள். முடியாவிட்டால் வேறு மீட்டர் கொடுங்கள். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி என் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளிப்பேன். ஆய்வக அளவுகள், ரசீது, உங்கள் சர்வீஸ் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்