கழித்தல் 36 முழுக்கணக்கு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐஸ் ஹாக்கியில் இளம் தடுப்பாட்டக்காரர்களைக் கூட்டல்-கழித்தல் கணக்கை (ஒருவர் களத்தில் இருக்கும்போது தன் அணி கோல் போட்டால் கூட்டல் 1, எதிரணி போட்டால் கழித்தல் 1) வைத்தே ரசிகர்கள் திட்டித் தீர்ப்பது அநியாயம். பஃபலோ சேபர்ஸின் ராஸ்மஸ் டாலின் 2020-21 பருவத்தில் கழித்தல் 36, வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லிலேயே கடைசி. தொடர்ந்து 18 ஆட்டங்களில் அந்த அணி தோற்ற பருவம் அது. பவர் பிளேயில், அதாவது எதிரணி வீரர் தண்டனையால் வெளியே இருக்கும் நேரத்தில், அவர் உதவியால் விழும் கோல் இந்தக் கணக்கில் ஏறாது. ஆனால், கூடுதல் வீரருக்காகக் கோல்காப்பாளரை வெளியே எடுத்தபின், தன் அணியின் காலி வலைக்குள் எதிரணி போடும் கோல், அவர் களத்தில் இருந்தால், அவர் தலையில்தான் விழும்!

பார்க்க வேண்டியது இடைவெளியை. தன் தற்காப்புப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டை நெருங்கும்போது, பின்னோக்கிச் சறுக்கும் தடுப்பாளருக்கும் பந்துவட்டோடு (பக்) வரும் எதிராளிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மட்டை நீளம் இருக்க வேண்டும். முன்கள வீரர்கள் திரும்பி ஓடி வராவிட்டால் தடுப்பாளர் தயங்கிப் பின்வாங்குவார். இடைவெளி விரியும், எதிராளி நிதானமாகக் குறிபார்ப்பார். இதில் இளைஞரை மட்டும் குற்றம் சொல்வது எப்படி?

அதே டாலினைத்தான் 2024-ல் சேபர்ஸ் அணித்தலைவராக்கியது.