"எங்கயாவது விழுந்தியா தம்பி?" என்று கேட்டவருக்கு

அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் அன்றிரவு பணியில் இருந்த எல்லோருக்கும் வணக்கம்.

வயிற்று வலியில் சுருண்டுகிடந்த எட்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் நான். இரண்டு நாளாக வலி, வாந்தி. முதலில் காட்டிய கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி சிரப் கொடுத்தார்கள். நானும் நம்பிவிட்டேன்.

டாக்டரம்மா, நீங்கள்தான் சட்டையைத் தூக்கிப் பார்த்தீர்கள். தொப்புளுக்கு மேலே ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாகக் கன்றியிருந்தது. "எங்கயாவது விழுந்தியா தம்பி?" என்றீர்கள். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினான். அதைக் கவனித்த நர்ஸ் அக்கா, சீட்டுப் போட்டு வரச் சொல்லி என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் பேசினார். அண்ணன் சைக்கிளைக் கேட்காமல் எடுத்து ஓட்டி விழுந்திருக்கிறான். ரப்பர் பிடி கழன்றிருந்த ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தியிருக்கிறது. நான் அடிப்பேன் என்று பயந்து சொல்லவில்லை. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கிறது, முன்னாலிருந்து குத்து விழுந்தால் எலும்பில் அழுந்தி நசுங்கும், வலி தாமதமாகவும் கூடலாம் என்று தாளில் படம் போட்டுக் காட்டினீர்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அல்ட்ராசவுண்ட் எடுத்த டாக்டருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். "குடல் காற்று மறைக்கிறதும்மா, கணையம் சரியாகத் தெரியலை. தெரியாததை நார்மல்னு எழுத மாட்டேன்" என்றார். எத்தனை பெரிய நேர்மை! கணையத்தில் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் அமைலேஸ், லைபேஸ் என்ற செரிமான நொதிகள் முதலில் கொஞ்சம்தான் கூடியிருந்தன. அதோடு விடாமல், விடியற்காலையில் லேப் தம்பி மறுபடி வந்து ரத்தம் எடுத்தார். இந்த முறை நன்றாக ஏறியிருந்தது. அப்புறம் மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன். கணையத்தில் கிழிசல். கணையக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் அதன் நடுக்குழாய் அறுபடவில்லை என்று தெரிந்ததால் ஆபரேஷன் இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். பதினோரு நாள். மூக்கு வழியே குழாய் விட்டுச் சிறுகுடலுக்கே உணவு கொடுத்தார்கள். இரவில் அவன் அதைப் பிடுங்கிவிடாமல் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஆயாம்மாவை மறக்கவே முடியாது.

இப்போது இட்லி சாப்பிடுகிறான். கணையத்தைச் சுற்றி நீர்க்கட்டி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க அடுத்த வாரம் ஸ்கேனுக்கு வருகிறோம்.

நடு இரவில் எங்களைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோ அண்ணா, "முதல்ல புள்ளயப் பாரும்மா" என்று நீங்கள் வாங்காமல் போன வாடகை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஸ்டாண்டில் இரண்டு முறை வந்து தேடினேன். மறுபடியும் வருவேன்.