பொன்னாடைக்குப் பதில் பென்சில் தந்தவர்களுக்கு

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தாருக்கும், ஞாயிறுதோறும் கூடும் கல்வெட்டு வகுப்பின் ஆசிரியருக்கும், உடன் பயின்றவர்களுக்கும், இவ்விரண்டு இடங்களுக்கும் நான் போய் வர வழிவிட்ட என் வீட்டாருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நடந்த வகுப்பு நிறைவு விழாவில் நன்றியுரை கூறும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. வாழ்த்துரைகள் நீண்டுபோனதாலும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் எழத் தொடங்கிவிட்டதாலும், பெயர்களை மட்டும் படித்துவிட்டு நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்றுவிட்டோம். யாருக்கு நன்றி என்பது அவையோருக்குத் தெரிந்தது. எதற்காக என்பது தெரியவில்லை. தொகை இருந்து விவரம் இல்லாத செலவுச் சீட்டைத் தணிக்கைத் தடையில் வைப்பது என் தொழில் வழக்கம் என்பதால், விடுபட்ட விவரத்தை இங்கே எழுத்தில் தருகிறேன்.

நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் பணியாற்றி 2022இல் ஓய்வு பெற்றவள். தமிழக அரசு ஓய்வு வயதை 2020இல் 58இலிருந்து 59ஆகவும், மறு ஆண்டே 60ஆகவும் உயர்த்தியதால், விடைபெற மனத்தளவில் ஆயத்தமாகி இரண்டு முறை திரும்பவும் நாற்காலியில் அமர்ந்தவர்களில் ஒருத்தி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் நகைக்கடன் பைகளைப் பிரித்து எடை பார்ப்பதும், உரமூட்டைகளை எண்ணிச் சரக்கிருப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுவதுமாகவே என் வேலைக்காலம் போயிற்று. தணிக்கைத் துறையில் இருந்த ஒருவர் ஓய்வு பெற்றால், ஊரிலுள்ள சங்கங்களுக்கெல்லாம் சம்பளமில்லாத கணக்கர் கிடைத்துவிட்டார் என்றே பொருள். ஓய்வு பெற்ற சில வாரங்களில் ஓர் அமைப்பினர் என்னை அழைத்தார்கள், பெயர் வேண்டாம். முதல் கூட்டத்திலேயே முன்வரிசையில் அமர்த்தி, பொன்னாடை போர்த்தி, நான் வகித்த பதவியின் பெயரை ‘முன்னாள்’ என்ற அடைமொழியோடு ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்துக்குள் அவர்களுடைய வரவு செலவு ஏடுகள் துணிப்பையில் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. அங்கே எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வந்தவளாக யாரும் என்னைக் கருதவில்லை. நான் செய்து முடித்த வேலையையே இன்னொரு முறை செய்ய அழைத்திருந்தார்கள்.

அதனால்தான் முதல் நன்றி எங்கள் நூலகருக்கு உரியது. சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பயனாக வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து ஆண்டுதோறும் கட்டி வந்த நான், ஓய்வு பெறும்வரை உறுப்பினர் அட்டை வாங்கியதில்லை. அட்டை கேட்டுப் போன அன்று, முன்பு என்ன வேலையில் இருந்தீர்கள் என்று நூலகர் கேட்கவில்லை. என்ன படிக்கப் பிடிக்கும் என்று கேட்டார். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வாசகர் வட்டம் கூடும் என்றும், வருபவர் யாராயினும் படித்த நூலைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றும், முன்னதாக வந்தால் நாற்காலி போட ஆள் தேவை என்றும் சொன்னார். நான் முன்னதாகப் போனேன். ஒரு கூட்டத்துக்குள் சேர்வதற்கு நாற்காலி போடுவதைவிட நல்ல வழி கிடையாது என்பது என் அனுபவம். இரண்டு பேர் ஒரு மேசையைத் தூக்கும்போது யாரும் யாருக்கும் ‘முன்னாள்’ ஆவதில்லை.

நடக்க முடியாமல் போன மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அதே நூலகர் தம் ஸ்கூட்டரில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறார். அலுவல் நேரத்துக்குப் பின் இதெல்லாம் உங்கள் வேலையா என்று நான் கேட்டதற்கு, “மன்னார்குடிப் பக்கம் 1931இலேயே மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது அம்மா, எனக்குப் பெட்ரோல் வண்டி இருக்கிறது” என்றார். அந்த வண்டியின் பயன் பின்னர் எனக்கும் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பின் படிக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்த நாள்களில், வாசகர் வட்டத்தார் அந்த மாதத்துக்குரிய சிறுகதைகளைத் தத்தம் குரலில் படித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்க என் மருமகளின் பழைய இயர்போனை நூலகர்தான் வீட்டுக்கு வந்து பொருத்திக் காட்டினார். கதையின் உச்சத்தில் குக்கர் விசில் கேட்கும் ஒரு பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. குரலுக்கு உரியவர்களுக்கு அது யாருடைய சமையலறை என்று தெரியும்.

கல்வெட்டு வகுப்புக்கு என்னைக் கூட்டிப்போனதும் வாசகர் வட்டமே. வகுப்பை நடத்துபவர் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிப்பவர்; என் மகனைவிட இளையவர். அவர் என்னை அம்மா என்றும் நான் அவரை சார் என்றும் அழைத்துக்கொண்டோம். அவர் எனக்குக் கொடுத்த முதல் பொருள் கோடிடாத நோட்டும் பென்சிலும்தான். அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் கையால் வரைய வேண்டும் என்பது அவருடைய கட்டளை. சுவரில் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பதோ, எழுத்துத் தெரியட்டும் என்று மாவு பூசுவதோ கூடவே கூடாது என்பது இன்னொன்று. ‘ஆயிரம் ஆண்டு தாங்கிய கல்லை நம் ஆர்வம் கெடுக்கக் கூடாது’ என்று கடுமையாகவே சொல்வார். அந்தக் கடுமைக்கும் நன்றி.

கும்பகோணத்தை ஒட்டியுள்ள தாராசுரத்தில், இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதீசுவரர் கோயிலில்தான் எங்கள் எழுத்துப் பயிற்சி தொடங்கியது. அங்கே நாயன்மார் வரலாறுகளைச் சிறு சிறு சிற்பங்களாக வடித்து, அவற்றுக்குரிய பெயர்க் குறிப்புகளையும் பொறித்திருக்கிறார்கள். மன்னர் புகழ் பாடும் நீண்ட மெய்க்கீர்த்தியைக் காட்டி எங்களை மிரட்டாமல், கதை தெரிந்த சிற்பத்தைக் காட்டி அதன் பெயரைப் படிக்கச் சொன்னது ஆசிரியரின் சாமர்த்தியம். கண்ணப்பரை அடையாளம் கண்டுகொண்டவருக்கு அவர் பெயரின் எழுத்துகள் பாதி வழி இறங்கி வந்துவிடும். மீதி வழி கடினம். புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும். துணைக்காலா ரகரமா என்பதை இடம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உச்சி வெயிலில் தட்டையாகக் கிடந்த வரி, மாலையில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டதும் எழுந்து நிற்பதை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். மண்டப இருட்டில் சுவரோடு ஒட்டி விளக்கைப் பிடித்தால் அதே பயன் கிடைக்கும். நேருக்கு நேர் அடித்தால் எழுத்து மறைந்துவிடும். வகுப்பில் என் முதல் பொறுப்பு அந்த விளக்கைப் பிடிப்பதுதான். என் அலுவலகத்தில் எனக்கு யாரும் தந்திராத பதவி.

கோயிலைக் காக்கும் தொல்லியல் துறைப் பணியாளர்கள், தினமும் நூறு பேரை ‘தொடாதீர்கள்’ என்று தடுத்துக் களைத்தவர்கள் என்றாலும், எங்களிடம் பொறுமை காட்டினார்கள். அவர்களுக்கும் இந்த மடலில் இடமுண்டு.

உடன் பயின்றவர்களில் மூவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் கல்தச்சர். பட்டறை வேலை இல்லாத ஞாயிறுகளில் மட்டும் வருவார். நாங்கள் ஓர் எழுத்தில் கூடுதல் கோடு ஒன்றைக் கண்டு அது எழுத்தின் உறுப்பா, கல்லின் சேதமா என்று வாதிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் விரலைக் கோட்டின் மேல் படாமல் நகர்த்தி, உளி இறங்கிய இடத்தில் சரிவு இருக்கும், பொரிந்து உதிர்ந்த இடத்தில் அது இருக்காது என்று காட்டினார். அதன்பின் சந்தேகம் வந்தபோதெல்லாம் நாங்கள் திரும்பிப் பார்த்தது புத்தகத்தை அல்ல, அவரை.

இன்னொருவர், பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டபோது இளைஞராக இருந்த முன்னாள் கர்ணம், அதாவது கிராமக் கணக்கர். முந்திரி, மாகாணி, அரைக்கால் என்று பின்ன வாய்ப்பாட்டை அவர் மூச்சுவிடாமல் சொல்வார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் அச்சுப் படியை வகுப்பில் எடுத்துக்கொண்ட போது அவர் உதவி இல்லாமல் நான் ஒரு பக்கம் தாண்டியிருக்க மாட்டேன். அந்தக் கோயிலின் கருவூலமான பண்டாரத்திலிருந்து, சிவன் கோயில் உடைமைகளின் காப்பாளராகக் கருதப்படும் ஆதிசண்டேசுவரர் பெயரால் ஊர்ச் சபைகள் காசு கடன் பெற்றிருக்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. எட்டில் ஒன்று, அதாவது பன்னிரண்டரை விழுக்காடு வட்டி என்று கர்ணம் ஐயா சொல்லி முடிக்கும் முன்பே நான் நோட்டில் கணக்குப் போட்டுவிட்டிருந்தேன். விளக்குக் கொடையும் அப்படியே. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. அதற்கு ஈடாக நாளொன்றுக்கு உழக்கு நெய். ஆடுகளை ஏற்ற இடையரின் பெயரோடு, உடன் பொறுப்பேற்ற உறவினரின் பெயரும் பதிவாகியிருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் இத்தகைய ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்பார்கள். மந்தையில் ஆடு செத்தாலும் மூத்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பி முதல் குறையாமல் வைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ஜாமீன்தாரர் கையெழுத்தில்லாத கடன் மனுக்களோடு மல்லுக்கட்டி ஓய்ந்த எனக்கு, இந்த ஆவண ஒழுங்கு தந்த மகிழ்ச்சியை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் தொழிலை விட்டு வந்த இடத்தில் அதன் மூதாதையைப் பார்த்தேன். இம்முறை யாருக்கும் அறிக்கை அனுப்ப வேண்டியதில்லை.

மூன்றாமவர் ஒருவரல்ல, கல்லூரி மாணவியர் ஓரணி. “பாட்டி, அது ளகரம் இல்லை, நன்றாகப் பாருங்கள்” என்று முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவார்கள். அலுவலகத்தில் தணிக்கை அலுவலர் சொன்னால் எதிர்ப்பேச்சு இராது. இருந்தாலும் அது என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். கிரந்த எழுத்துகளை எனக்குக் கற்றுத் தந்தவர்கள் இந்தப் பிள்ளைகளே. அவர்களுக்குத் தேர்வு வந்தபோது நான் பதிலுக்குச் செய்ய முடிந்தது, அவர்கள் வராத வகுப்புகளின் குறிப்புகளைத் தெளிவாக எழுதி வைத்தது மட்டுமே.

காலை நடைப்பயிற்சிக் குழுவினர் என்னைத் தேடாதீர்கள். உங்களுக்கும் நன்றி, முழங்கால் அனுமதிக்கும் நாள்களில் வருகிறேன்.

வீட்டைப் பற்றியும் எழுத வேண்டும். ஆண் ஓய்வு பெற்றால் ஓய்வு; பெண் ஓய்வு பெற்றால் அடுப்படியும் பேரக்குழந்தைகளும் முழுநேரப் பொறுப்பாகும் என்பது இன்றைக்கும் பல வீடுகளின் எழுதப்படாத ஆணை. என் வயதுத் தோழியர் பலர் ஒரு கூட்டத்துக்கும் வராதிருப்பது ஆர்வக் குறைவால் அன்று. என் மருமகள் முதல் ஞாயிறே “அத்தை, இன்றைக்குச் சமையல் எங்கள் பாடு” என்றாள். ‘எங்கள்’ என்ற சொல்லில் தம்மையும் தம் மகனையும் அவள் சேர்த்திருக்கிறாள் என்பதை என் கணவர் சற்றுத் தாமதமாகப் புரிந்துகொண்டார். இப்போது அவர் வைக்கும் வத்தக்குழம்பு குறைசொல்ல முடியாத நிலைக்கு வந்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், அதுவும் நானே கேட்டபிறகு, வாசகர் வட்டத்தார் தம் கணக்கேட்டை என்னிடம் காட்டினார்கள். சீட்டுகள் வரிசையாக இருந்தன. தடை ஏதும் இல்லை. அதுவரை கணக்குப் பார்க்கச் சொல்லி அவர்கள் என்னைக் கேட்காமல் இருந்ததற்குத்தான் இந்த மடலின் பெரும்பகுதி நன்றி.

அடுத்த கல்வெட்டு வகுப்பு தை மாதம் தொடங்குகிறது. படிவம் நூலகத்தின் முன்மேசையில் கிடைக்கும். பழைய எழுத்து எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோடிடாத நோட்டு, பென்சில், சிறிய கைவிளக்கு, குடிநீர் கொண்டுவரவும்; சுண்ணக்கட்டி கொண்டுவர வேண்டாம். பணியிலிருந்து அண்மையில் ஓய்வு பெற்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், தயங்காமல் வரலாம். நாற்காலி போட மாலை நான்கரை மணிக்கு நான் அங்கே இருப்பேன்.

நன்றியுடன்,
கல்வெட்டு வகுப்பு மாணவி,
கும்பகோணம்